எட்டுக்கால் சில்லும் ஏட்டுச்சுவடியும்

சிசிலித் தீவின் தலைநகரான பலேர்மோவில் பல்லாரோ என்றொரு பழைய சந்தை இருக்கிறது. மீனும் கத்தரிக்காயும் ஆலிவும் கூவி விற்கிற அந்தச் சந்தையை ஒட்டிய பழைய நகரத்துச் சந்துகளில், சற்று நின்று காது கொடுத்தால் யாழ்ப்பாணத் தமிழும் கேட்கும். 1980களுக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, வீட்டு வேலைகளிலும் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைகளிலும் கால் ஊன்றிய குடும்பங்கள். வேலை நிமித்தம் நான் அந்த ஊரில் இருந்தபோது அப்படிப் பழக்கமான ஓர் அண்ணை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை துணிப்பையில் ஒரு மடிக்கணினியைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, இது செத்துப்போச்சாம். மதர்போர்ட் மாத்த வேணுமெண்டு கடைக்காரன் சொல்லுறான். மாத்தினாலும் உள்ளுக்கை இருக்கிறது ஒண்டும் வராதாம். ஒருக்காப் பாருங்கோ."

உள்ளே இருந்தது அவருடைய மகளின் பல்கலைக்கழக ஆய்வேடு. அதைவிட முக்கியமாக, அவள் தன் அப்பம்மாவுடன் தொலைபேசியில் பேசிப் பதிவு செய்து வைத்திருந்த சில மணிநேரக் குரல் பதிவுகள். அப்பம்மா ஊரில் போன வருடம் தவறிவிட்டார். பிரதி வேறெங்கும் இல்லை. கணினி தானாகப் பயாஸைப் புதுப்பிக்கத் தொடங்கியிருக்கிறது. நடுவில் பாட்டரி தீர்ந்து அணைந்துவிட்டது. அதன் பிறகு பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் இருட்டாகவே இருக்கும்.

கணினி பழுது பார்ப்பவர்கள் "மதர்போர்டு போய்விட்டது" என்று சொல்லும் சமயங்களில், உண்மையில் போயிருப்பது பலகையா, அல்லது அதில் ஒட்டியிருக்கும் ஓர் எட்டுக்கால் சில்லில் எழுதப்பட்ட எழுத்தா என்பதைப் பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதே இந்தக் கட்டுரை. கருவிகளைவிட அதில் ஓர் ஒழுங்கு முக்கியம். அந்த ஒழுங்கு தமிழ் வாசகர்களுக்குப் புதியதல்ல என்று எனக்குத் தோன்றியது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதல் சொல்

கணினியின் செயலிக்கு மின்சாரம் கிடைத்த கணத்தில் அதற்கு எதுவும் தெரியாது. வட்டு என்று ஒன்று இருப்பது தெரியாது, திரை தெரியாது, நினைவகத்தைப் பயன்படுத்தவும் தெரியாது. தெரிந்தது ஒரே ஒரு முகவரி. இன்டெல் வகைச் செயலிகளில் அது 4 கிகாபைட் எல்லைக்கு 16 பைட்டுகள் கீழே இருக்கிறது. செயலி கண்ணை மூடிக்கொண்டு அங்கே போய், அங்கே எழுதியிருப்பதைப் படித்து, அதன்படி நடக்கும். அந்த முகவரியில் ஒரு சிறிய சில்லின் கடைசிப் பகுதி தெரியும்படி தாய்ப்பலகையை அமைத்திருப்பார்கள். அந்தச் சில்லில் உள்ள நிரல்தான் நினைவகத்தை எழுப்பி, திரையை எழுப்பி, வட்டைத் தேடிக் கண்டுபிடித்து, விண்டோஸையோ லினக்ஸையோ கூப்பிட்டு "இனி உன் பாடு" என்று ஒப்படைக்கிறது.

பயாஸ் என்ற பெயர் 1970களில் கேரி கில்டால் தன் சிபி/எம் இயங்குதளத்தில் பயன்படுத்தியது. 1981-இல் ஐபிஎம் பிசி வந்தபோது அது வீட்டுச் சொல்லாகிவிட்டது. 2005-க்குப் பிறகு யுஇஎஃப்ஐ என்ற புதிய அமைப்பு மெல்ல அதன் இடத்தைப் பிடித்தது. இன்றைய கணினிகளில் இருப்பது பெரும்பாலும் இதுதான். ஆனாலும் வாய் பழக்கத்தில் பயாஸ் என்றே சொல்கிறோம். வன்பொருளோடு ஒட்டிப் பிறந்து, மென்பொருள் போல மாற்றவும் முடிகிற இந்த நிரலைத் தமிழில் நிலைப்பொருள் என்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். நம்முடைய படங்களும் கடிதங்களும் இந்தச் சில்லில் இல்லை. அவை வட்டில் இருக்கின்றன. சில்லு கெட்டால் வட்டு கெடாது. பல சமயங்களில் வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினாலே கோப்புகள் வந்துவிடும். ஆனால் அண்ணையின் மகள் திருட்டுக்குப் பயந்து வட்டைப் பூட்டி வைத்திருந்தாள். அதன் சாவி டிபிஎம் என்கிற ஒரு பாதுகாப்புச் சில்லில் இருக்கிறது. அந்தச் சில்லு தாய்ப்பலகையிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. அவசரத்துக்கான 48 இலக்க மீட்பு எண்ணை அவள் எங்கும் எழுதி வைக்கவில்லை. தேடிப் பார்த்தும் அகப்படவில்லை. ஆகவே பலகையை மாற்றினால் சாவியும் பழைய பலகையோடு போய்விடும். கடைக்காரர் சொன்னதில் அந்தப் பாதி உண்மைதான். பழுது பார்த்தால் மட்டுமே குரல் திரும்பும்.

சிறைப்பட்ட மின்னணுக்கள்

அந்தச் சில்லில் எழுத்து எப்படி நிற்கிறது? காகிதத்தில் மை நிற்பதுபோல அல்ல. ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு டிரான்சிஸ்டர். அதற்குள் நான்கு பக்கமும் மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட ஒரு சிறு தீவு. அந்தத் தீவில் மின்னணுக்களை வலுக்கட்டாயமாக ஏற்றிவிட்டால் அவை வெளியேற வழியின்றி அங்கேயே கிடக்கும். மின்சாரத்தை அணைத்தாலும் போகாது. மின்னணுக்கள் இருந்தால் 0, இல்லாவிட்டால் 1. இந்த "மிதக்கும் வாயில்" என்ற யோசனையை 1967-இல் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங்கும் சைமன் சீயும் முன்வைத்தார்கள். 1971-இல் இன்டெலில் டோவ் ஃப்ரோமன் அதை ஈப்ராம் என்ற சில்லாக்கினார். அதன் முதுகில் ஒரு கண்ணாடிச் சன்னல் இருக்கும். அழிக்க வேண்டுமென்றால் புற ஊதா விளக்கின் கீழே பல நிமிடங்கள் வைக்க வேண்டும்.

மின்சாரத்தாலேயே ஒரு பெரிய பகுதியை ஒரே வீச்சில் அழிக்கும் முறையை டோஷிபாவின் ஃபூஜியோ மசுவோகா 1984-இல் வெளியிட்டார். அழிவது காமிராவின் மின்னல் வெளிச்சம் போல இருக்கிறது என்று சக ஊழியர் ஒருவர் சொல்லப்போய், ஃப்ளாஷ் என்ற பெயர் நிலைத்தது. சிசிலிக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. தீவின் மறுகரையில், எட்னா எரிமலையின் அடிவாரத்தில் உள்ள கத்தானியாவில் எஸ்டி மைக்ரோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பெரிய ஆலை இருக்கிறது. அந்த வட்டாரத்தையே எட்னா பள்ளத்தாக்கு என்று அழைப்பார்கள். பல தாய்ப்பலகைகளில் எஸ்டியின் பயாஸ் சில்லுகள் இருந்ததுண்டு. அதன் ஃப்ளாஷ் பிரிவு 2008-இல் இன்டெலின் பிரிவோடு சேர்ந்து நுமோனிக்ஸ் ஆயிற்று. 2010-இல் அதை மைக்ரான் வாங்கிக்கொண்டது.

ஃப்ளாஷின் ஒரு குணம் நமக்கு முக்கியம். அதில் 1-ஐ 0 ஆக்குவது எளிது. 0-ஐ மறுபடி 1 ஆக்க வேண்டுமென்றால் ஒரு பிட்டை மட்டும் தொட முடியாது. குறைந்தது 4 கிலோபைட் கொண்ட ஒரு தொகுதியை முழுவதும் அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். ஆகவே புதுப்பித்தல் என்றால் முதலில் அழித்தல், பிறகு எழுதுதல். இரண்டுக்கும் நடுவே மின்சாரம் போனால் அந்த இடம் வெறுமையாக நிற்கும். பழைய ஏடும் இல்லை, புதிய ஏடும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லலாம். இச்சில்லுகளின் விவரத்தாள்களில் வழக்கமாக இரண்டு எண்களைக் காணலாம்: ஒரு தொகுதியை 1,00,000 முறை அழித்து எழுதலாம், எழுதியது 20 ஆண்டுகள் நிற்கும். எழுதும் பொருள் எத்தனை காலம் தாங்கும் என்ற கவலை பலேர்மோவுக்குப் பழையது. ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய தாள் ஆவணங்களில் ஒன்று இந்த ஊர் அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது: 1109-இல் அதெலாசியா என்ற ஆட்சியாளர் கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதுவித்த ஆணை. பிற்பாடு இதே ஊரில் வளர்ந்து இதே ஊர்ப் பேராலயத்தில் அடக்கமான பேரரசர் இரண்டாம் பிரெடெரிக், தாள் உழுத்துப்போகும் என்று அஞ்சி, பத்திரங்களைத் தோலில்தான் எழுத வேண்டும் என்று 1231-இல் சட்டம் போட்டார். ஆனாலும் அதெலாசியாவின் தாள் இன்னும் இருக்கிறது.

எழுத்து எப்படிக் கெடுகிறது

மிகப் பிரபலமான கேடு 1999 ஏப்ரல் 26 அன்று நடந்தது. தைவானில் சென் இங்-ஹாவ் என்ற கல்லூரி மாணவர் முந்தைய ஆண்டு எழுதிய சிஐஎச் என்ற வைரஸ் அன்றைக்கு விழித்தது. செர்னோபில் விபத்து நடந்த அதே தேதி என்பதால் அந்தப் பெயராலும் அதை அழைத்தார்கள். விண்டோஸ் 95, 98 கணினிகளில் வட்டின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, பொருந்திவரும் பலகைகளில் பயாஸ் சில்லின் மேலும் குப்பையை எழுதியது. மென்பொருளால் வன்பொருள் "சாக" முடியும் என்று பலருக்கு முதன்முதலில் தெரிந்த நாள் அது. தென் கொரியாவிலும் துருக்கியிலும் ஏராளமான கணினிகள் அன்று முடங்கின.

அந்தக் காலத்துச் சில்லுகள் பல, பலகையில் ஒரு சிறு கூட்டில் செருகப்பட்டிருக்கும். ஆகவே கடைக்காரர்கள் ஒரு துணிச்சலான வித்தை செய்வார்கள். அதே ரகத்தில் நல்ல கணினி ஒன்றை இயக்கி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பயாஸ் சில்லை மெல்ல நெம்பி எடுத்து, செத்த சில்லை அந்த இடத்தில் செருகி, எழுதிவிடுவார்கள். நிரல் அதற்குள் நினைவகத்துக்குப் போய்விட்டிருப்பதால் கணினி கவனிக்காது. கை நடுங்கினால் இரண்டு கணினிகளும் போகும்.

வைரஸ்தான் வேண்டும் என்றில்லை. 2017 டிசம்பரில் உபுண்டு 17.10 பதிப்பை அதன் தயாரிப்பாளர்கள் தரவிறக்கப் பக்கத்திலிருந்து தற்காலிகமாக எடுத்துவிட வேண்டியிருந்தது. அதிலிருந்த ஓர் இன்டெல் இயக்கி நிரல், சில லெனோவோ மடிக்கணினிகளில் இந்தச் சில்லைப் பழுதாக்கி, பயாஸ் அமைப்புகளைச் சேமிக்கவிடாமல் செய்தது. எல்லாவற்றையும்விடச் சாதாரணமான காரணம் அண்ணையின் வீட்டில் நடந்ததுதான்: புதுப்பித்தல் பாதியில் நிற்பது.

முதலில் சந்தேகம்

இருட்டுத் திரை என்றதும் பயாஸ் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நினைவகப் பட்டை தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான். தண்ணீர் சிந்தி ஏதோ ஒரு மின்வழி குறுக்கிட்டிருந்தாலும் இதேதான். நான் செய்கிற வரிசை இது. பாட்டரியையும் மின்கம்பியையும் கழற்றிவிட்டுப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மிச்சமிருக்கும் மின்னேற்றத்தை வடியவிடுவது. நினைவகத்தைக் கழற்றி மாட்டுவது. வெளித்திரை ஒன்றை இணைத்துப் பார்ப்பது. பிறகு அந்த மாதிரிக்கு அவசரகால மீட்பு வழி உண்டா என்று கையேட்டில் பார்ப்பது. பல மடிக்கணினிகளில் குறிப்பிட்ட பெயரில் கோப்பை ஒரு யுஎஸ்பி குச்சியில் வைத்து, சில விசைகளைச் சேர்த்து அழுத்தினால், அழியாமல் பாதுகாத்து வைத்த ஒரு சிறு நிரல் விழித்து மீதியைச் சரிசெய்துகொள்ளும். பாதிப் பழுது இதிலேயே தீர்ந்துவிடும். இந்தக் கணினியில் தீரவில்லை. அந்தச் சிறு நிரல் இருந்த இடமும் அழிந்த பகுதிக்குள் அகப்பட்டிருந்தது.

அப்போதுதான் கணினியின் வயிற்றைத் திறக்க வேண்டும். தாய்ப்பலகையில் அரிசியைவிடச் சற்றுப் பெரிய, பக்கத்துக்கு நான்காக எட்டுக் கால்கள் கொண்ட ஒரு கறுப்புச் சில்லு இருக்கும். அதன் எண் பெரும்பாலும் 25 என்ற இலக்கங்களைக் கொண்டிருக்கும். எட்டுக் கால்களுக்கும் வேலை உண்டு: மின்சாரம், தரை, கடிகாரத் துடிப்பு, உள்ளே வரும் தரவு, வெளியே போகும் தரவு, "உன்னைத்தான் கூப்பிடுகிறேன்" என்னும் தேர்வு, எழுதாமல் தடுத்தல், சற்று நிறுத்திவைத்தல். ஒரு மூலையில் இருக்கும் சிறு குழிப்புள்ளி முதல் காலைக் காட்டும். அதைத் தலைகீழாகப் பிடித்துவிட்டால் சில்லு உண்மையிலேயே செத்துவிடும்.

படிக்கிற கருவி மலிவானது. சிஎச்341ஏ என்ற சில்லை வைத்துச் செய்த ஒரு சிறு யுஎஸ்பி பலகையும், எட்டுக் கால்களையும் ஒருசேரக் கவ்வும் ஒரு கிளிப்பும் போதும். இரண்டும் சேர்ந்து ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுதான். ஆனால் எச்சரிக்கை வேண்டும். பரவலாக விற்கும் கறுப்புநிறப் பலகைகளில் ஒரு வடிவமைப்புப் பிழை உண்டு. மின்சாரக் கம்பியில் 3.3 வோல்ட் கொடுத்தாலும் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட்டை அனுப்பும். பல மடிக்கணினிகளின் சில்லோ 1.8 வோல்ட்டில் ஓடுவது. சில்லின் எண்ணைப் பூதக்கண்ணாடியில் படித்து, விவரத்தாளைத் தேடி, மின்னழுத்தத்தை உறுதி செய்யாமல் கிளிப்பை மாட்டக் கூடாது. கணினியின் பாட்டரியைக் கழற்றாமலும் மாட்டக் கூடாது.

முதலில் எழுதாதே, படி

இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். இதே மாதிரிக் கணினியிலிருந்து யாரோ எடுத்துப் போட்ட பயாஸ் பிரதி இணையத்தில் எங்காவது கிடைக்கும். அதைத் தரவிறக்கி அப்படியே எழுதிவிட்டால் கணினி எழுந்துவிடும், வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். எழுந்தாலும் அது வேறொருவருடைய கணினியாக எழும்.

ஏனென்றால் அந்தச் சில்லில் இருப்பது எல்லோருக்கும் பொதுவான நிரல் மட்டும் அல்ல. இன்டெல் பலகைகளில் அது பல வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முதலில் எந்த வட்டாரம் எங்கே என்று சொல்லும் ஒரு பொருளடக்கம். பிறகு மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற துணைச் செயலிக்கான நிரலும் அந்தப் பலகைக்கென்றே செய்த அமைப்புகளும். சிலவற்றில் வலையட்டையின் தனி முகவரி. கடைசியில் பயாஸ், அதற்குள்ளேயே கணினியின் வரிசை எண், விண்டோஸ் உரிம எண், நாம் வைத்த அமைப்புகள், எந்தக் கையொப்பத்தை நம்பலாம் என்ற பட்டியல் எல்லாம் குடியிருக்கும். சில கணினிகளில் நான் மேலே சொன்ன வட்டுச் சாவியைக் காக்கும் டிபிஎம் தனிச் சில்லாக இல்லாமல், அதன் பதிவுகளும் இதே சில்லிலேயே இருக்கும். அப்படிப்பட்டதில் மாற்றான் பிரதியை எழுதுவது, வீட்டைத் திறக்கப் பூட்டை உடைக்கிறேன் என்று சாவியை உருக்குவதற்குச் சமம்.

உ.வே.சாமிநாதையர் ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த விதத்தை நினைத்துப் பாருங்கள். சீவக சிந்தாமணி 1887-இல் அச்சேறியது. அதற்கு முன் எத்தனை ஊர்களிலிருந்து எத்தனை பிரதிகளை வாங்கி ஒப்புநோக்கினார் என்பது நமக்கெல்லாம் தெரிந்த கதை. ஒரு பிரதியில் சிதைந்திருப்பது இன்னொன்றில் இருக்கும். ஆனால் எங்கும் கிடைக்காததைத் தானாக இட்டு நிரப்பவில்லை. 1894-இல் அவர் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் இன்றுவரை வெறும் எண்களாகவே நிற்கின்றன. கையிலிருக்கும் சிதைந்த ஏட்டை முதலில் உள்ளபடி படிப்பது, பிற பிரதிகளோடு ஒப்பிடுவது, பொதுவானதை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்வது, இந்த ஏட்டுக்கே உரியதைத் தொடாமல் காப்பது. பயாஸ் பழுதுபார்த்தலின் ஒழுங்கும் இதுதான். பல வருடம் மென்பொருள் எழுதியும், இது ஒரு பதிப்பாசிரியர் வேலை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆகவே முதல் வேலை படிப்பது. ஃப்ளாஷ்ராம் என்ற இலவச நிரல் இதற்குப் போதும். சில்லின் உள்ளடக்கம் மொத்தமும், 16 மெகாபைட் என்றால் சரியாக 1,67,77,216 பைட்டுகள், ஒரு கோப்பாக வரும். அதை ஒருமுறை படித்து நம்பிவிடக் கூடாது. கிளிப்பின் ஒரு பல் சரியாகப் படியவில்லை என்றால் தவறான எழுத்தைத் தந்துவிட்டு அது பேசாமல் இருக்கும். மூன்று முறை படித்து, மூன்று கோப்புகளுக்கும் எஸ்எச்ஏ-256 என்ற சரிபார்ப்புக் குறியீட்டைக் கணக்கிட்டு, மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் அது மூலபாடம். எனக்கு முதல் இரண்டும் ஒத்துப்போகவில்லை. கிளிப்பைக் கழற்றி, கால்களை ஆல்கஹாலில் துடைத்து, மறுபடி மாட்டினேன். அதன் பிறகு மூன்று முறையும் ஒரே குறியீடு வந்தது. அந்தக் கோப்பை மூன்று இடங்களில் சேமித்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன். இனி என்ன தவறு செய்தாலும் இந்த நிலைக்குத் திரும்பலாம்.

இரண்டு பாடங்களின் கலப்பு

கோப்பைத் திறந்து பார்த்தபோது கதை தெரிந்தது. பொருளடக்கம் முழுசாக இருந்தது. மேனேஜ்மென்ட் எஞ்சின் வட்டாரம் முழுசு. பயாஸ் வட்டாரத்தில் அமைப்புகள் இருந்த பகுதியும் பிழைத்திருந்தது. அதைத் தாண்டி, முதல் சில பக்கங்கள் புதிய பதிப்பு; கடைசிப் பக்கங்கள் பழைய பதிப்பு; நடுவே நீளமாக எஃப்எஃப், எஃப்எஃப், எஃப்எஃப் என்று வெறுமை. ஃப்ளாஷில் அழிந்த பைட்டின் அடையாளம் அது. ஆனால் எல்லா வெறுமையும் இழப்பல்ல. நல்ல பிரதியிலும் சில இடங்கள் வெறுமையாகவே விடப்பட்டிருக்கும். எது வேண்டுமென்றே விட்ட இடம், எது அழிந்த இடம் என்பது ஒப்பிட்டால்தான் தெரியும்.

ஒப்பிடுவதற்கு நம்பகமான பிரதி, தயாரிப்பாளரே தன் தளத்தில் வைத்திருக்கும் புதுப்பிப்புக் கோப்பு. அதையும் அப்படியே எழுத முடியாது. முன்னால் ஒரு தலைப்பு, சுற்றிலும் பொட்டலம். அதைப் பிரித்து உள்ளே இருக்கும் பயாஸ் பகுதிகளை மட்டும் எடுக்க வேண்டும். யுஇஎஃப்ஐடூல் போன்ற நிரல்கள் இதற்கு உதவும். அப்புறம் ஒட்டுவேலை. நிரல் இருக்க வேண்டிய பகுதிகள் முழுவதும் தயாரிப்பாளரின் புதிய பதிப்பிலிருந்து. மற்ற எல்லாம் எங்கள் மூலபாடத்திலிருந்து. பாதி பழையது பாதி புதியது என்று கலக்கக் கூடாது. 2013-க்குப் பிந்தைய பல இன்டெல் கணினிகளில் பூட் கார்டு என்ற காவல் உண்டு. நிரலின் கையொப்பம் ஒரு பைட் பிசகினாலும் செயலி நகர மறுத்துவிடும்.

எழுதுவதற்கு முன் எங்கள் புதுக் கோப்பையும் பழைய மூலபாடத்தையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டேன். மாற வேண்டிய இடங்களில் மட்டும்தான் மாறியிருக்கிறது என்று உறுதியான பிறகே எழுதும் கட்டளையைக் கொடுத்தேன். ஃப்ளாஷ்ராம் எழுதி முடித்ததும் தானே மறுபடி படித்துச் சரிபார்க்கும். அந்த இரண்டு மூன்று நிமிடங்கள் மேசையை யாரும் தொட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அண்ணை கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார்.

சில்லே உண்மையில் தேய்ந்தோ எரிந்தோ போயிருந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். அப்போதும் பலகையை மாற்றத் தேவையில்லை. அதே எண்ணுள்ள புதுச் சில்லை வாங்கி, முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, பழையதை வெப்பக் காற்றால் தளர்த்தி எடுத்து, புதியதைப் பற்றவைக்கலாம். சென்னை ரிச்சி தெருவில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் கைதேர்ந்த தொழிலாளிக்கு அது தினசரி வேலை. ஆனால் பழைய சில்லைக் குப்பையில் போடும் முன் அதிலிருந்து படிக்கக்கூடியதைப் படித்துவிட வேண்டும். அங்கேயும் முதல் விதி மாறவில்லை.

யாருக்கு நஷ்டம்

கடைக்காரர் மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனமில்லை. பலகையை மாற்றுவது அரைமணி வேலை, உத்தரவாதம் தரலாம். சில்லைப் படித்து ஒப்புநோக்குவது அரைநாள் வேலை, உத்தரவாதம் தர முடியாது. தயாரிப்பாளர்கள் பலகையின் வரைபடத்தையோ சில்லின் பகுப்பையோ வெளியிடுவது அரிது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு நெறிமுறையை நிறைவேற்றியது. உறுப்பு நாடுகள் அதை நடைமுறைப்படுத்தக் கெடு 2026 ஜூலை 31. சலவை இயந்திரம், குளிர்பதனப் பெட்டி, கைபேசி, தட்டைக் கணினி என்று நிறையப் பொருட்கள் அதில் அடக்கம். அது நிறைவேறியபோது மடிக்கணினி அந்தப் பட்டியலில் இல்லை.

நஷ்டம் யூரோக் கணக்கில் மட்டும் இல்லை. ஒரு பலகை குப்பைக்குப் போகும்போது அதில் பூட்டப்பட்டதும் கூடப் போகிறது. புலம்பெயர்ந்த குடும்பங்களில் வீட்டு ஆவணங்கள், ஊர்ப் படங்கள், இறந்தவர்களின் குரல்கள் எல்லாம் இப்போது இப்படிப்பட்ட பெட்டிகளில்தான் இருக்கின்றன. பெட்டகம் கிடையாது, பரண் கிடையாது. கணினி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் இரண்டே இரண்டு வேலைகளைச் செய்யச் சொல்வேன். வட்டு பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அந்த 48 இலக்கங்களைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள். பயாஸ் புதுப்பிக்கச் சொன்னால் மின்கம்பியைச் செருகாமல் தொடாதீர்கள். தொலையக்கூடாததற்கு இரண்டாவது பிரதி வைத்துக்கொள்ளச் சொல்லித் தனியாக நான் எழுத வேண்டியதில்லை. ஏடு பார்த்து ஏடு எழுதியவர்களின் பேரர்கள் நாம்.

மூடியைக்கூட மூடாமல் பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது. திரை இருட்டாகவே இருந்தது. முதல்முறை எழும்போது நினைவகத்தை அளந்து பழக அதற்கு நேரம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஒன்றரை நிமிடம் நீளமானது. பிறகு தயாரிப்பாளரின் சின்னம் வந்தது. அடுத்து 48 இலக்கங்களைக் கேட்குமோ என்று பயந்தேன். அமைப்புகள் பழையபடியே இருந்ததால் டிபிஎம் சில்லு தன் கணினியை அடையாளம் கண்டுகொண்டது, கேட்காமலே திறந்தது.

மகள் முதலில் ஆய்வேட்டைத் தேடவில்லை. ஒரு கோப்பைத் திறந்தாள். சற்று இரைச்சலுக்குப் பிறகு, "பிள்ளை, சாப்பிட்டியோ?" என்று ஒரு முதிய குரல் கேட்டது. அண்ணை சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போகும்போது, செப்டம்பரில் பெல்லெக்ரினோ மலைக்கு ஏறுகிறபோது சாந்தா ரோசாலியாவுக்கு எனக்காகவும் ஒரு மெழுகுதிரி ஏற்றுவதாகச் சொன்னார். அந்தப் புனிதையிடம் பலேர்மோவின் தமிழ்ச் சைவர்களும் வேண்டிக்கொள்வது வழக்கம்தான். நான் அவரிடம் ஒரு யுஎஸ்பி வட்டைக் கொடுத்தேன். குரல் பதிவுகளின் இரண்டாவது பிரதி அதில் இருந்தது.